சும்மா டீஸ் பண்ணினேன் என்கிறாய்

நேற்று நீ பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டதால் மீதியை எழுத வேண்டியிருக்கிறது. மீட்டிங் என்று சொன்னாய். இருக்கட்டும். எழுத்தில் ஒரு வசதி உண்டு, நடுவில் நீ சிரிக்க முடியாது. நான் எதைச் சொன்னாலும் நீ சிரிக்கிறாய், அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் சொல்ல வந்தது எனக்கே அற்பமாகத் தெரிந்துவிடுகிறது. இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவது உனக்குப் பிடிக்காது, தெரியும். நீ பேசியதெல்லாம் நாலு பேர் கேட்கிற இடத்தில்தான் என்பதால் பதிலும் அப்படியே இருக்கட்டும். உன் பெயரை எழுதவில்லை. அவள் பெயரைப் பூங்கொடி என்று மாற்றியிருக்கிறேன். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க அத்த, பேர மட்டும் மாத்திடுங்க" என்றாள். உன்னைக் கேட்கவில்லை. பஸ்ஸில் அத்தனை பேர் எதிரில் பேசும்போது நீ அவளை ஒரு வார்த்தை கேட்டாயா?

"இப்ப இன்னாதான் ஆச்சும்மா?" என்று கேட்கிறாயே, என்ன ஆனது என்று முதலிலிருந்து சொல்கிறேன். உன் அத்தை சரோஜா, அதாவது உன் அப்பாவின் தங்கை, அவள் மகள்தான் பூங்கொடி. உனக்கு முறைப்பெண். படித்து முடித்துவிட்டுத் திருப்பத்தூரில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலைக்குப் போகிறாள். தினமும் காலை பஸ்ஸில் மலை இறங்கி, சாயங்காலம் ஏறி வருகிறாள். நீ லீவுக்கு வந்து பெங்களூருக்குத் திரும்பும்போதெல்லாம் அதே பஸ்ஸில்தான் போகிறாய். ஏறியதும் கண்டக்டரிடம், "அண்ணா, எம் பொண்டாட்டிக்கும் சேத்துக் கிழிங்க" என்பாய். பஸ் சிரிக்கும். அத்தோடு விடமாட்டாய். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்து, "இன்னாமே, உங்கப்பன் பரியம் எவ்ளோ கேப்பாரு? ஒரேயடியா முடியாது, மாசாமாசம் தவணையில கட்டுறேன்னு சொல்லி வை" என்பாய். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொடுக்கிற பரியத்தைப் பைக் கடன் மாதிரி தவணையில் கட்டுவதாகச் சொன்னால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? கேட்ட அன்றைக்கு நானும்தான் சிரித்தேன். நீ பெங்களூருக்குப் போய்விடுவாய். அவள் மறுநாளும் அதே பஸ்ஸில் ஏற வேண்டும். இப்போது அந்த பஸ்ஸில் அவளுக்குப் பூங்கொடி என்ற பெயர் இல்லை. "பெங்களூர்க்காரன் பொண்டாட்டி ஏறிச்சா? போலாமா?" என்று கண்டக்டர் கேட்டால்தான் வண்டி கிளம்புகிறது.

அவளோடு வேலை செய்கிற ஒரு பையனுக்கு அவளைப் பிடித்திருக்கிறது. அவளுக்கும். அமிர்திப் பக்கம் ஊர், விவசாயக் குடும்பம், நம் ஆட்கள்தான். போன வாரம் அவனுடைய அப்பாவும் அம்மாவும் வேலூரிலிருந்து பஸ் பிடித்து மலை ஏறி வந்தார்கள். சரோஜா என்னையும் கூப்பிட்டிருந்தாள். பலாப்பழம் அறுத்து, சுளை எடுத்துத் தட்டில் வைத்துக் காத்திருந்தோம். வந்தவர்கள் கடைத்தெருவில் டீக்கடைக்காரரிடம் வழி கேட்டிருக்கிறார்கள். அவர், "அந்த வூடா? பெங்களூர்க்காரன் பொண்டாட்டி வூடுன்னு கேளுங்க, சின்னப் புள்ளகூட சொல்லும்" என்று கைகாட்டி அனுப்பியிருக்கிறார். அந்த அம்மாள் வந்து உட்கார்ந்தாள். சுளையைத் தொடவில்லை. "பொண்ணுக்கு உரிமைக்காரன் ஒருத்தர் கீறாருன்னு சொல்றாங்களே" என்று நேராகக் கேட்டாள். சரோஜா என்னைப் பார்த்தாள். "அது எம் புள்ளதாங்க. வெளையாட்டுக்குப் பேசுவான். வேற ஒண்ணும் இல்லீங்க" என்றேன். அந்த அம்மாளுக்குக் கோபமெல்லாம் வரவில்லை. "வெளையாட்டுன்னா அந்தப் புள்ளயே வந்து சொல்லிட்டுப் போவட்டுங்க. நாளைக்கு எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு எம் பொண்டாட்டின்னு சொன்னா, நாங்க போலீஸுக்குப் போறதா, சிரிக்கிறதா?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் உன்னிடம் இருந்தால் சொல்.

நம் மலையில் வழக்கம் என்னவென்று உனக்குத் தெரியாது என்று சொல்லாதே, நீ இங்கேதான் வளர்ந்தாய். யாரை வேண்டுமானாலும் கேலி செய்ய முடியாது. அக்கா தங்கையை, சித்தி மகளை, பங்காளி வீட்டுப் பெண்ணை ஒரு வார்த்தை பேசமாட்டோம். அத்தை மகளையும் மாமன் மகளையும் பேசலாம், அவர்களும் திருப்பிப் பேசலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. முறை இருப்பதால்தான் பேச்சே. அதனால்தான் உரிமைக்காரன் ஊர் எதிரில் என்னுடையவள் என்று சொல்லிவிட்ட பெண்ணை இன்னொருத்தர் வந்து கேட்பதில்லை. நாகரிகம் தெரிந்தவர்கள் ஒதுங்கிப் போய்விடுவார்கள். பூங்கொடியைக் கேட்டு வர இருந்தவர்கள் இதற்கு முன்பும் ஒதுங்கியிருக்கிறார்கள், சரோஜா அதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். ஒருவேளை நீயே கேட்டுவிடுவாயோ என்று அவளும் காத்திருந்தாள். உரிமையை விடுவதென்றால் அந்த உரிமைக்காரனே வந்து, பெண்ணைப் பெற்றவர் கையில் வெற்றிலைத் தட்டைக் கொடுத்து, எனக்கு வேண்டாம், நீங்கள் விரும்பிய இடத்தில் கொடுங்கள் என்று வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆடி பிறந்துவிட்டால் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். அதற்குள் பேசி முடித்தால் பேசலாம், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கிறோம் என்று அமிர்திக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதைத்தான் நேற்று போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "அம்மா, நான் சும்மா டீஸ் பண்ணேன். அதுக்குப் போயி லீவு போட்டு வந்து தட்டு தூக்கச் சொல்றீங்களா? வேணும்னா வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட் போட்டு வுடுறேன்." நான் மெதுவாகத்தான் கேட்டேன், உனக்கு அவளைக் கட்டிக்கொள்ள இஷ்டம் உண்டா என்று. உண்டு என்றிருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். "அய்யோ, அவ எனக்குத் தங்கச்சி மாதிரிம்மா" என்றாய். ஒரு பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு தங்கச்சியை யாரப்பா பொண்டாட்டி என்று கூப்பிடுவார்கள்? இதைக் கேட்டதற்கும் சிரித்தாய். பிறகு மீட்டிங் வந்துவிட்டது.

டீஸ் என்று நீ சொன்ன அந்தச் சொல்லைத்தான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் ஆங்கில இலக்கியம் படித்தவள் என்பதை நீயும் உன் அப்பாவும் கேலிக்கு மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். கல்லூரியில் ஒரு மேடம் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டார். கேலி செய்வது என்று எல்லோரும் சொன்னோம். அது பிற்பாடு வந்தது, முதலில் ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுத்து இழை இழையாகப் பிய்த்துப் பிரிப்பதற்குத்தான் அந்தச் சொல் இருந்தது என்றார். ரோமத்துக்கு வலிக்காது, எவ்வளவு வேண்டுமானாலும் பிய்க்கலாம். அப்போது அதைப் பரீட்சைக்காக எழுதி வைத்துக்கொண்டேன். பல வருடம் கழித்து உன் சித்தி கல்யாணத்துக்கு வாணியம்பாடியில் ஒரு பார்லருக்குப் போனேன். அங்கே இருந்த பாய் வீட்டுப் பெண், "அக்கா, முடி கம்மியாக் கீது, கொஞ்சம் டீஸ் பண்ணி வுடட்டா? பொசபொசன்னு காட்டும்" என்றாள். சீப்பைத் தலைகீழாக ஓட்டி முடியை மேலே தள்ளித் தள்ளி ஒரு கூடு கட்டினாள். மண்டபத்தில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். உன் அப்பா மட்டும், "தேன் எடுக்கலாமா, இல்ல இன்னும் நாள் ஆவணுமா?" என்று கேட்டார். மறுநாள் எண்ணெய் வைத்து உட்கார்ந்து அந்தச் சிக்கை எடுத்தது நான்தான், கட்டியவள் இல்லை. பாதி முடி கையோடு வந்தது.

இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பதால் அந்தச் சொல்லை வேறு விதமாகவும் பார்க்கிறேன். ஒருநாள் ஒரு பெண் தன் அண்ணனோடு மனு டைப் அடிக்க வந்தாள். சந்தை அன்று ஒருவன் அவளுடைய கையைப் பிடித்து முறுக்கிப் பையைப் பிடுங்கி, கூட வா என்று இழுத்திருக்கிறான். அவளுடைய அண்ணன், "ஈவ் டீசிங்னு போடுங்க மேடம், அதான் வழக்கமாப் போடுறது" என்றான். நானும் டைப் அடித்தேன். அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "டீசிங் இல்லக்கா. என் கைய முறுக்கினான். அப்புடியே போடுங்க" என்றாள். அழித்துவிட்டு அவள் சொன்ன மாதிரியே அடித்தேன். இரண்டு பக்கத்துக்கு வந்தது. அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவை மூடி வைக்க முடிகிறது என்று அன்றைக்குப் பார்த்தேன். நீ அப்படிப்பட்டவன் என்று சொல்லவில்லை. நீ பூங்கொடியைத் தொட்டதுகூட இல்லை, அது எனக்குத் தெரியும், அவளும் அதைத்தான் சொன்னாள். ஆனால் கையை முறுக்கினவனும் போலீசில் போய்ச் சும்மா டீஸ் பண்ணேன் என்றுதான் சொன்னானாம். உன் வாயிலிருந்து அதே வார்த்தை வந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசி. அகராதியில் இன்னொரு பொருளும் இருக்கிறது, கொடுப்பதுபோல் ஆசை காட்டிவிட்டுக் கொடுக்காமல் இருப்பது. சினிமாக்காரர்கள் படம் வருவதற்கு முன்னால் ஒரு நிமிடம் காட்டுகிறார்களே, டீசர் என்று, அதுபோல. அவர்களாவது பிறகு படத்தைக் காட்டிவிடுகிறார்கள்.

உன் அப்பாவும் என்னைக் கேலி செய்தவர்தான். அவரும் எனக்கு முறை. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஊர்த் திருவிழாவில் கூழ் ஊற்றுகிற இடத்தில் வைத்து, "இங்கிலீஷ் படிச்ச பொண்ணுக்குச் சாமை குத்த வருமா, இல்ல ஒலக்கைக்கு ஸ்பெல்லிங்தான் வருமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "குத்தினா சாப்புட ஆள் வேணுமே" என்று நானும் சொல்லிவிட்டேன். அந்த மாதம் முடிவதற்குள் அவருடைய அப்பாவும் அம்மாவும் தட்டோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள், ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டேன். "வாயில வுட்டுட்டு வூட்ல குந்திக்கினா நல்லாவா இருக்கும்?" என்றார். அவர் படித்தது பத்தாவது. போன வாரம்வரை கரண்ட் போனால், "மேடம், இருட்டுக்கு இங்கிலீஷ்ல இன்னா?" என்று கேட்டு என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். ஆனால் என்னைப் பற்றி என் எதிரில் சொல்லாத எதையும் வெளியில் சொன்னதில்லை, சொன்ன எதையும் விட்டுவிட்டு ஓடியதுமில்லை. கேலிக்கும் ஒரு ஆள் பொறுப்பு நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். புளியும் பலாவும் ஏற்றிக்கொண்டு மலை இறங்குவதற்கு முன்னால் தங்கச்சி வீட்டு வாசலில் லாரியை நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவார். எத்தனை வருடப் பழக்கம். அமிர்திக்காரர்கள் வந்துபோன பிறகு அந்த வழியே போவதில்லை. சுற்றிக்கொண்டு போய், அதே டீக்கடையில் நின்று குடித்துவிட்டுப் போகிறார். சரோஜா என்னிடம், "அண்ணன் ஏன் அண்ணி வர்றதில்ல? நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்னு சொல்லுங்க. டீ போட்டு ஆறிப் போவுது" என்கிறாள். அவரிடம் சொன்னேன். மறுநாளும் சுற்றிக்கொண்டுதான் போனார். கேலி பேசாமல் அவர் இவ்வளவு நாள் இருந்து நான் பார்த்ததில்லை.

பூங்கொடி என்னைப் பார்க்க வந்தாள். மையத்தில் கூட்டம் குறைந்த நேரம். சான்றிதழுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர் வெளியே போகும்வரை நின்று, பிறகு உட்கார்ந்தாள். "அவர் மேல எனக்குக் கோவம் இல்ல அத்த" என்றுதான் ஆரம்பித்தாள். அப்புறம் ஏன் ஒருதடவைகூட நிறுத்து என்று சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "எப்புடி அத்த சொல்றது? பஸ்ஸே சிரிக்குது. மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினா திமிருன்றாங்க. சிரிச்சா, பாரு அதுக்கும் இஷ்டந்தான்றாங்க. நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு வேலைக்குப் போறது?" என்றாள். அவளுக்கு உன்மேல் எப்போதாவது மனசு இருந்ததா என்று கேட்டேன். "மொதல்ல இருந்துச்சு அத்த. நெசமாத்தான் பேசறாருன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா, ஆள் இருந்தாதான் பேசறாரு. ஒரு தடவ திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுல நாங்க ரெண்டு பேருந்தான். வேற யாரும் தெரிஞ்சவங்க இல்ல. போனையே பாத்துக்கினு நின்னாரு. சாப்ட்டியான்னுகூட கேக்கல. அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு, அவரு என்கூடப் பேசல, பஸ்கூடப் பேசறாருன்னு" என்றாள்.

இதைக் கேட்ட பிறகு நான் உன்மேல் எரிச்சல்படாமல் எப்படி இருப்பது? எனக்கும் இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் நம் வீட்டுக்கு வருவாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பஸ்ஸில் பேசுவது காதில் விழும்போதெல்லாம் பையனுக்கு மனசு இருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டு, உன்னைக் கண்டிக்காமல் விட்டேன். இப்போது அவளுக்கு வேறு இடத்தில் நல்லபடியாக அமைய வேண்டும் என்று உன்னிடமே கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு உன்னிடமிருந்து மன்னிப்புகூட வேண்டாம். போகும்போது வாசலில் நின்று, "அவரு வந்து என்னத் திட்டிட்டுப் போனாக்கூடப் பரவால்ல அத்த. வேணான்னு நாலு பேரு எதுர்ல சொன்னாப் போதும். எம் பேரு எனக்குத் திரும்பி வந்துடும்" என்றாள்.

வாய்ஸ் நோட் எதற்கும் ஆகாது என்று இப்போதாவது புரிகிறதா? அமிர்தியில் இருக்கிற அந்த அம்மாள் அதை யாரிடம் போட்டுக் காட்டுவாள்? கண்டக்டர் கேட்பாரா, டீக்கடைக்காரர் கேட்பாரா? நீ அதை அனுப்பினாலும் கடைசியில் ஒரு சிரிப்புப் படம் ஒட்டித்தான் அனுப்புவாய்.

ஞாயிற்றுக்கிழமை வா. சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் போதும், லீவுகூட வேண்டாம். வெற்றிலை, பாக்கு, தேங்காய் எல்லாம் அப்பா வாங்கி வைக்கிறேன் என்றிருக்கிறார். அந்த ஒன்றைத்தான் அவர் வாய் திறந்து சொன்னார். அமிர்திக்காரர்களும் வருவார்கள், கண்டக்டரையும் நான் கூப்பிட்டிருக்கிறேன், அவரும் கேட்கட்டும். தட்டை எடுத்து உன் மாமா கையில் கொடு. "மாமா, நான் பேசினதெல்லாம் வெளையாட்டு. எனக்கு அந்த எண்ணம் இல்ல. பூங்கொடி விருப்பப்பட்ட எடத்துல குடுங்க" என்று சொல். அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். சொல்லி முடித்ததும் யாரும் உடனே பேசமாட்டார்கள். அந்த அமைதியை உன்னால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று நாக்கு துறுதுறுக்கும். கடித்துக்கொள். அந்த நேரம் உன்னுடையது இல்லை.

நீ வராவிட்டால் தட்டை நான் எடுத்துக்கொண்டு போவேன். உரிமைக்காரனின் அம்மா தட்டு கொடுப்பது இங்கே வழக்கத்தில் இல்லை. அதனால் அங்கே நின்று, என் மகனுடைய பேச்சை யாரும் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். சொல்வேன். அவள் கல்யாணம் நடந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உன்னையும் யாரும் திட்டமாட்டார்கள், பயப்படாதே. அடுத்த முறை நீ வரும்போது டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "வாங்க, எப்ப வந்தீங்க?" என்பார். சரோஜா நாற்காலி எடுத்துப் போடுவாள். கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழித்து, சில்லறையை எண்ணி உன் கையில் வைப்பார். பஸ்ஸில் நீ எதையாவது சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருப்பாய். "சரிங்க" என்பார்கள்.

அம்மா